வீடுதோறும் ஓர் ஏரி
(காஞ்சி நகரை முன்வைத்து நீர்க்காப்புப் பற்றிய ஒரு நோக்கு)

முன்னுரை

நீரை முதன்மைப்படுத்தாத பழந்தமிழ் நூல் அரிது. கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தார் வள்ளுவர். நிலத்தை ஐந்திணையாகப் பகுத்த தொல்காப்பியரும் மழைக்குரிய கார்காலத்தை முல்லைக்கு உரித்தாக்கினார். இவற்றையெல்லாம் வகுப்பறையில் கற்பிக்கின்றோம். தேர்வில் வினாவாகவும் கேட்கின்றோம். எனினும், கூரையில் விழும் மழை எங்குச் செல்கின்றது, அடுக்களையிலிருந்து வெளியேறும் நீர் எங்குச் சேர்கின்றது என்னும் வினாக்களை நம் வீடுகளில் நாம் எழுப்புவதில்லை.

பட்டு நெசவுக்கும் திருக்கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சி மாநகரில் இவ்வினாக்களுக்குத் தனிச்சிறப்பு உண்டு. இந்நகரின் நீர் பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கும் நீராகும். மண்ணுக்குள் நீர் புகுவதற்குரிய வாயில்களுள் நம் வீட்டு முற்றமும் தோட்டமும் அடங்கும். ஆகவே ஏரி காத்தல் அரசின் கடமை, குழாய்நீர் தருதல் மாநகராட்சியின் கடமை என்று கூறி வீட்டார் விலகிக்கொள்ள இயலாது. ஏரியைக் காத்த பழைய முறையை ஒவ்வொரு வீட்டிற்கும் எவ்வாறு பொருத்திக்கொள்ளலாம் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணுக்குள் ஓடும் ஆறு

பாலாறு கருநாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திர மாநிலத்தின் ஒரு சிறு பகுதியைக் கடந்து, தமிழகத்திற்குள் புகுந்து, கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் கடலோடு கலக்கின்றது. ஏறத்தாழ 348 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வாற்றின் பெரும்பகுதி, அதாவது சுமார் 222 கிலோமீட்டர், தமிழகத்தில் உள்ளது. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் இதன் மேற்பரப்பில் நீரைக் காண இயலாது, மணற்பரப்பையே காண்கின்றோம். ஆயினும் அம்மணலின் அடியில் நீர் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கின்றது. கோடையில் ஆற்று மணலில் ஊற்றுக்கால் தோண்டி வயலுக்கு நீர் கொண்டுசென்ற முறை இப்பகுதி உழவர்கள் நெடுங்காலமாக அறிந்ததே. காஞ்சி நகரின் குடிநீரும் பாலாற்றுப் படுகையில் அமைந்த கிணறுகளிலிருந்தே பெரிதும் பெறப்படுகின்றது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். பாலாற்றில் மணல்தான் நீரை வைத்திருக்கும் பாத்திரம். மணலை வரைமுறையின்றி அள்ளினால் பாத்திரமே சிறுத்துவிடுகின்றது. நகருக்குள் மண்ணையெல்லாம் சிமெண்டுத் தளமாக்கினால் பாத்திரத்தின் வாய் அடைபட்டுவிடுகின்றது. முன்னது ஆற்றில் நிகழ்வது. பின்னது நம் முற்றத்தில் நிகழ்வது. விளைவில் இரண்டும் ஒன்றே.

அண்மைக் காலத்தில் இம்மண் இரு எல்லைகளையும் கண்டது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, உபரிநீர் திறக்கப்பட்டு, அடையாற்றின் கரைகள் வெள்ளத்தில் மூழ்கின. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே ஏரியின் தரை வெடித்துக் கிடந்தது. அவ்வாண்டு ஜூலையில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் சென்னைக்குக் குடிநீர் கொண்டுசெல்லப்பட்டது. 2021 நவம்பரிலோ பாலாற்றில் பெருவெள்ளம் புரண்டது. மழை இல்லாத நாடன்று நம் நாடு. சில வாரங்களில் பெய்துவிடும் மழையை ஆண்டு முழுமைக்கும் வைத்துக்கொள்ளத் தெரிந்தால்தான் வாழ இயலும் என்ற நிலையிலுள்ள நாடு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கின்றது. எஞ்சிய மாதங்களின் வாழ்வு பெரும்பாலும் அதன் சேமிப்பைப் பொறுத்தே அமைகின்றது.

இலக்கியம் காட்டும் பொய்கையும் பொழிலும்

காஞ்சியின் நீர்ப்பஞ்சம் புதியதன்று. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலைக் காப்பியம், மழைவளம் குன்றியதால் காஞ்சியில் மக்கள் பசியால் வருந்திய செய்தியைக் கூறுகின்றது. அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை அங்குச் சென்று பசிப்பிணி தீர்க்கின்றாள். மாணவர் பலரும் இப்பகுதியில் அமுதசுரபியையே நினைவிற் கொள்வர். ஆனால் கச்சி மாநகர் புக்க காதையில் மற்றொரு செய்தியும் உண்டு. மணிபல்லவத்தில் உள்ளவை போன்ற பொய்கையையும் பொழிலையும் காஞ்சியில் அரசன் இளங்கிள்ளி அமைத்திருந்தான் என்பதே அது.

பசித்தவர்க்கு முதலில் சோறு வேண்டும். அதனை அமுதசுரபி தந்தது. அப்பசி மீண்டும் வாராதிருக்கப் பொய்கையும் வேண்டும், பொழிலும் வேண்டும். நீர்நிலையும் தோட்டமும் இணைத்துக் கூறப்பட்டமை சிந்தித்தற்குரியது. நீர் இருந்தால் மரம் நிற்கும். மரம் நின்றால் அதன் நிழலும் வேரும் நீரைக் காக்கும்.

இசுலாமியத் தமிழ் இலக்கியத்தின் மணிமுடியாகிய சீறாப்புராணத்திலும் இவ்வுணர்வைக் காணலாம். உமறுப்புலவர் பாடுவதோ அரபு நாட்டை. ஆனால் நாட்டுப் படலத்தில் மழை பொழிகின்றது, வெள்ளம் பெருகுகின்றது, வயல் விளைகின்றது. மணல் நிலத்தை மருத நிலமாகப் பாடியது காப்பிய மரபு என்று உரையாசிரியர் கூறுவர். அது சரியே. அதனோடு, ஒரு நாட்டைச் சிறந்த நாடு என்று தமிழ்ப் புலவன் கூற வேண்டுமாயின், அங்கு நீர் இருந்தே ஆகவேண்டும் என்னும் எண்ணமும் அம்மரபினுள் பொதிந்துள்ளது எனலாம்.

ஏரி வாரியமும் தோட்ட வாரியமும்

காஞ்சியைச் சூழ்ந்த தொண்டை மண்டலம் ஏரிகளின் நாடு. காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய இரு மாவட்டங்களையும் சேர்த்து, அரசின் நீர்த்துறைக் கணக்கில் உள்ள ஏரிகள் மட்டும் 900க்கு மேற்பட்டவை. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, கூரத்தில் அமைந்த பரமேசுவர தடாகத்தையும், பாலாற்றிலிருந்து வெட்டப்பட்ட பெரும்பிடுகு என்னும் கால்வாயையும் குறிப்பிடுகின்றது. உத்திரமேரூரில் வைரமேக தடாகம் உள்ளது.

அவ்வுத்திரமேரூரில்தான் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. இவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. குடவோலை முறையைப் பற்றி மாணவர் அனைவரும் அறிவர். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஆற்றிய பணி யாது என்பதைச் சற்று நோக்குவோம். முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியே முப்பதின்மர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியவராயினர். ஓர் ஊர்ச் சபை தோட்டத்திற்கு ஒரு வாரியமும் ஏரிக்கு ஒரு வாரியமும் வைத்திருந்தது என்பதே வியப்புக்குரியது. அதனினும் வியப்பு, தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணியாற்றியவர்களையும், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தவர்களையும் சம்வத்சர வாரியத்திற்குக் கொண்டனர் என்பதாகும். ஊரை ஆள்வதற்குரிய பயிற்சி தோட்டத்திலும் ஏரிக்கரையிலும் பெறப்பட்டது.

மேலும் ஒரு விதி உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியர் அல்லர். நீரைக் காப்பவர் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது இதன் உட்பொருள். ஏரியைத் தூர்வாரவும் பேணவும் ஏரிப்பட்டி என்னும் நிலங்கள் விடப்பட்டன. ஏரி வெட்டுதல் ஒரு முறை செய்வது. பேணுதல் ஆண்டுதோறும் செய்வது என்பதை அக்காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர்.

கணக்கும் ஆண்டுப் பேணலும் ஆகிய இவ்விரண்டுமே இன்று நம் வீடுகளில் இல்லாதவை.

வீடு என்னும் ஏரி

ஏரியின் உறுப்புகள் யாவை? மழைநீர் விழும் நீர்ப்பிடிப்பு நிலம், நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், நீர் நிற்கும் உள்வாய், வேண்டும்போது திறக்கும் மதகு, மிகுந்த நீர் வழியும் கலங்கல், அடியில் படியும் வண்டல் என இவற்றைக் கூறுவர். இவை அனைத்தும் ஒரு வீட்டிலும் உண்டு. மாடித்தளமே நீர்ப்பிடிப்பு நிலம். மாடியிலிருந்து இறங்கும் குழாய் வரத்துக்கால். தரையடித் தொட்டியோ கிணறோ உள்வாய். வீட்டுக் குழாய் மதகு. தொட்டி நிரம்பியபின் நீர் செல்லும் வழியே கலங்கல்.

இவ்வேரியின் கொள்ளளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். 600 சதுர அடி மாடி ஏறத்தாழ 55.7 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது 557 லிட்டர். ஆண்டு மழையை 100 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஆவியாதலுக்கும் கசிவிற்கும் ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினாலும், ஏறத்தாழ 44,500 லிட்டர் நீர் அச்சிறு மாடியில் விழுகின்றது.

ஐவர் வாழும் வீட்டில் ஒருவர்க்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 10 லிட்டர் என்று கொண்டால் ஒரு நாள் செலவு 50 லிட்டர். அக்கணக்கில் மேற்கூறிய நீர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரும். ஆனால் கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள நகரங்களில் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். அதன்படி ஐவர்க்கு 675 லிட்டர். இக்கணக்கில் அந்நீர் 66 நாள்களில் தீர்ந்துவிடும். இரு கணக்குகளையும் அருகருகே வைத்து நோக்கினால், தேக்குதல் மட்டும் போதாது. அளந்து செலவிடுதலும், செலவிட்ட நீரைத் தோட்டத்திற்குத் திருப்புதலும் உடன்வேண்டும் என்பது தெளிவாகும்.

தமிழகத்தில் அனைத்துக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003ஆம் ஆண்டில் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. நாட்டிற்கே வழிகாட்டிய செயல் அது. ஆனால் அன்று வெட்டிய குழிகளுள் தூர்ந்து கிடப்பவை பல. குழி வெட்டுவதற்குச் சட்டம் போதும். ஆண்டுதோறும் அதனைத் துப்புரவு செய்வதற்கு வீட்டாரின் மனம் வேண்டும். ஏரிப்பட்டியின் பொருளை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

செய்ய வேண்டியவை எளியவை. புரட்டாசியில், பருவமழைக்கு முன், மாடியைப் பெருக்கிக் குழாய் வாயிலுள்ள சருகை நீக்க வேண்டும். முதல் மழையின் நீரில் தூசியும் பறவை எச்சமும் கலந்திருக்குமாதலின், அதனைத் தொட்டிக்கு விடாமல் வெளியேற்றத் தனித் திறப்பு ஒன்று வைத்தல் நலம். பின்வரும் நீர் கூழாங்கல்லும் மணலும் அடுக்கிய வடிகட்டியின் வழியே தொட்டிக்குச் செல்ல வேண்டும். 5,000 லிட்டர்த் தொட்டி, மேற்கூறிய மாடியில் பதினொரு சென்டிமீட்டர் மழைக்கே நிரம்பிவிடும். மிகுதி நீரைத் தெருச் சாக்கடைக்கு விடுதல் ஏரியின் கலங்கலைக் கடலுக்கு வெட்டுவதை ஒக்கும். அதனைப் பழைய கிணற்றிற்கோ, உடைகல்லும் மணலும் நிரப்பிய கசிவுக் குழிக்கோ விட வேண்டும். கிணற்றிற்கு விடும் நீர் வடிகட்டப்பட்டதாகவே இருத்தல் வேண்டும். தொட்டிக்கு இறுக்கமான மூடியும் திறப்புகளுக்கு வலையும் இன்றியமையாதவை. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தேங்கிய நல்ல நீரிலேயே முட்டையிடுகின்றது.

தறிக்குழியும் நீர்க்குழியும்

இங்குக் காஞ்சிக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டைப் பேச வேண்டும். மழை வந்தால் உழவன் மகிழ்வான், நெசவாளி கவலைப்படுவான். காஞ்சிப் பட்டு நெய்யும் தறிகளுள் பல குழித்தறிகள். நெசவாளி தரைமட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் காலை நீட்டி, மிதியை இயக்குகின்றார். தொடர்மழைக் காலத்தில் அக்குழியில் நீர் ஊறும். ஈரத்தால் பாவு கெடும், தறி நிற்கும், தறி நின்றால் கூலியும் நிற்கும். தெருவில் பாவு விரித்து ஒழுங்குசெய்யும் பணிக்கும் வெயில் வேண்டும். ஆகவே, மழைநீரை வீட்டு மண்ணுக்குள் விடுக என்று கூறினால், எங்கள் தறிக்குழி நிரம்பிவிடாதா என்று நெசவாளர் கேட்பர். இது புறந்தள்ளத்தக்க வினாவன்று. ஒரு குடும்பத்தின் பிழைப்புப் பற்றிய வினா.

இதற்கு விடை இடத்தேர்வில் உள்ளது. கூரையின் ஓரத்தில் வழிந்து சுவரடியில் விழும் நீரே தறிக்குழியை நோக்கி எளிதில் கசிகின்றது. அந்நீரைக் குழாயில் வாங்கி, தறி உள்ள பகுதிக்கு எதிர்ப்புறமாக, பின்கட்டிலுள்ள தோட்டத்தின் கடைசிக்குக் கொண்டுசென்றால், தறிக்குழிக்கு வரும் நீர் குறையும். கிணற்றிற்கு வரும் நீர் பெருகும். கசிவுக் குழி தறிக்குழிக்கும் கட்டட அடித்தளத்திற்கும் இயன்ற அளவு விலகியிருத்தல் வேண்டும். நிலத்தின் சரிவு தறியிலிருந்து குழியை நோக்கி இறங்குதல் வேண்டும். கழிப்பறைத் தொட்டியின் அருகில் கசிவுக் குழி அமைத்தல் கூடாது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மிக உயர்ந்து நிற்கும் தாழ்ந்த தெருக்களில் மேல்தொட்டிகளில் சேர்த்தலே தக்கது. அங்குக் குழி வேண்டா. ஊருக்கெல்லாம் ஒரே முறை என்பது நீர்க்காப்பில் இல்லை.

பட்டுக்கும் நீருக்கும் உள்ள உறவு இவ்வளவில் நில்லாது. பட்டு நூலின்மேல் இயற்கையாக உள்ள பசையைச் சவர்க்காரமும் சோடாவும் கலந்த கொதிநீரில் நீக்கிய பின்னரே சாயம் ஏறும். பசை நீங்கும்போது நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரை குறையும். அதன்பின் சாயம் தோய்த்துப் பலமுறை அலச வேண்டும். நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்திருந்தால் சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து நூலில் படியும், பளபளப்பு மங்கும். காஞ்சிப் பட்டின் மெருகிற்கு இவ்வூர் நீரே காரணம் என்று மூத்தோர் கூறிவந்ததில் இத்தகைய பட்டறிவு உண்டு. நிலத்தடி நீர் கீழே செல்லச்செல்ல அதில் உப்பும் கடினத்தன்மையும் மிகுவது பல இடங்களிலும் காணப்படுவதே. மழைநீரோ இயல்பாகவே மென்னீர். ஆதலின் கூரைநீரைத் தேக்கி வைத்தல் சாயத்தொழிலுக்கும் உகந்ததே. ஆனால் ஓர் எச்சரிக்கை: சாயம் தோய்த்த நீரைத் தோட்டத்திற்கோ கசிவுக் குழிக்கோ கிணற்றருகிலோ ஒருபோதும் விடலாகாது. வேகவதியும் பாலாறும் கழிவுநீரால் பட்ட துன்பம் போதும். மண்ணுக்குள் சென்ற நஞ்சைத் திரும்ப எடுத்தல் எளிதன்று.

அடுக்களை நீரும் தோட்டமும்

நம் முன்னோர் வீட்டின் பின்புறத்தில் வாழையும் கறிவேப்பிலையும் தென்னையும் நட்டது அழகிற்காக மட்டும் அன்று. அரிசியும் பருப்பும் களைந்த நீர், காய்கறி கழுவிய நீர், குளித்த நீர் ஆகியவை செல்லும் வழியிலேயே அவை நின்றன. தனியே நீர் இறைக்காமல் ஒரு தோட்டம் வளர்ந்தது. இன்று அடுக்களைக் கழுநீரும் மலக்கழிவும் ஒரே குழாயில் கலந்து வெளியேறுகின்றன. புதிய வீடு கட்டுவோர் இவ்விரண்டிற்கும் தனித்தனிக் குழாய் வைத்தல் வேண்டும். பின்னர்ச் சுவரை இடித்துச் செய்வதைவிட முன்னரே செய்வது எளிது.

எல்லாக் கழுநீரும் ஒரு தன்மையன அல்ல. அரிசி களைந்த நீரை எச்செடிக்கும் ஊற்றலாம். குளித்த நீரை வாழைக்கும் சேம்பிற்கும் கல்வாழைக்கும் விடலாம். மணலும் கல்லும் நிரப்பிய சிறு பாத்தியின் வழியே அதனைச் செலுத்துவது இன்னும் நன்று. துணி துவைத்த நீரில் சோடா மிகுந்திருப்பின் மண் இறுகும். ஆகவே அலசிய கடைசி நீரை மட்டும் பயன்படுத்துதல் தக்கது. பச்சையாக உண்ணும் கீரைக்கும் கொத்துமல்லிக்கும் கழுநீர் கூடாது. நீர்த்தூய்மிப்புக் கருவி வைத்துள்ள வீடுகளில், ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு அல்லது மூன்று லிட்டர் நீர் கழிவாக வெளியேறுவது இயல்பு. அது உப்பு மிகுந்தது, செடிக்கு ஏற்றதன்று. தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் அதனைப் பயன்படுத்தலாம்.

தோட்டத்திற்கு ஊற்றிய நீரைக் காப்பதும் ஒரு கலை. நண்பகலில் ஊற்றும் நீரில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். விடியலிலோ அந்தியிலோ ஊற்ற வேண்டும். சருகை எரித்துப் புகையாக்காமல் செடியின் அடியில் மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் நெடுநாள் நிற்கும். தென்னையைச் சுற்றி, ஆறடித் தொலைவில் பள்ளம் எடுத்து, தேங்காய் மட்டையின் உட்குழிந்த பக்கம் மேல்நோக்குமாறு அடுக்கி மூடினால், மழையைக் குடித்து வைத்திருந்து சிறிது சிறிதாக வேருக்குக் கொடுக்கும். சுட்ட மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், அதன் பக்கங்கள் வழியே கசியும் நீர் அருகிலுள்ள கத்தரிக்கும் பாகலுக்கும் போதும். சொட்டுநீர்ப் பாசனத்தின் ஏழை வடிவம் இது. வேம்பு, முருங்கை, நொச்சி, செம்பருத்தி முதலியவை இம்மண்ணின் வெயிலுக்குப் பழகியவை. அயல்நாட்டுப் புல்தரை நாள்தோறும் நீர் கேட்கும்.

அளவின் ஒழுக்கம்

நீர் குறைந்தபோது சிக்கனம் செய்தல் எவர்க்கும் இயல்பு. நீர் நிறைந்திருக்கும்போதும் அளந்து செலவிடுதலே ஒழுக்கம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் ஒளுச் செய்வார்கள், ஒரு ‘ஸாவு’ முதல் ஐந்து ‘முத்து’ வரையிலான நீரில் குளிப்பார்கள் என்பது நபிமொழித் தொகுப்புகளில் காணப்படும் செய்தி. ஒரு முத்து என்பது இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவு. முக்கால் லிட்டருக்கு மிகாது. நான்கு முத்து ஒரு ஸாவு. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் வீண்செலவு கூடாது என்னும் கருத்தும் மார்க்க நூல்களில் சொல்லப்பட்டுள்ளது. ஆற்றில் எடுத்த நீரால் ஆறு குறைந்துவிடப் போவதில்லை; ஆயினும் எடுப்பவரின் பழக்கம் கெடும் என்பதே இதன் நுட்பம்.

இன்றைய நிலையை இதனோடு ஒப்பிடலாம். நிமிடத்திற்கு 6 லிட்டர் விழும் குழாயைத் திறந்துவைத்து இரண்டு நிமிடம் ஒளுச் செய்தால் செலவு 12 லிட்டர். ஐவேளைக்கு 60 லிட்டர். கெண்டியில் ஒரு லிட்டர் எடுத்துக்கொண்டால் ஐவேளைக்கும் 5 லிட்டர் போதும். பழைய பள்ளிவாசல்களில் உள்ள ஹவுளில் கையால் அள்ளிச் செய்யும்போது அளவு இயல்பாகவே அடங்கியது. குழாய் வந்தபின் அவ்வடக்கத்தை நாமே வருவித்துக்கொள்ள வேண்டியுள்ளது. ஒளுச் செய்த நீர் பெரிதும் தூய்மையானது. அதனைச் சாக்கடைக்கு விடாமல் பள்ளிவாசல் வளாகத்துத் தென்னைக்கும் வேம்பிற்கும் திருப்பிவிடுதல் சிறு செலவில் முடியும் பணி. ஜமாஅத் பெரியோர்கள் இதனைக் கருத்திற் கொள்வார்களாக. மதீனாவில் ரூமாக் கிணற்றை விலைகொடுத்து வாங்கி மக்களுக்கு அளித்த உதுமான் (ரலி) அவர்களின் கொடை இன்றும் நினைக்கப்படுகின்றது. இருக்கும் கிணற்றை வற்றாமல் காப்பதும் அக்கொடையின் வழிப்பட்டதே.

நீரைப் போற்றும் பண்பு இந்நகரின் அனைத்துச் சமயத்தார்க்கும் பொது. வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசுக் குளத்தில், நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை நீரை இறைத்து அத்திவரதரை வெளிக்கொணர்வர். 1979லும், அடுத்து 2019லும் இது நிகழ்ந்தது. ஒரு நகரம் தன் தலைமுறைகளை ஒரு குளத்தின் நீரைக்கொண்டு எண்ணுகின்றது. குளமும் ஹவுளும் வெவ்வேறு வழிபாட்டிற்கு உரியவை; அவற்றிற்கு அடியிலுள்ள நிலத்தடி நீர் அனைவர்க்கும் பொது.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

உத்திரமேரூர் வாரியத்தார் கணக்குக் கொடுத்தனர். நம் மாணவர்களும் தம் வீட்டிற்கு ஒரு நீர்க்கணக்கு எழுதலாம். இதற்கு ஒரு வாளியும் ஒரு கடிகாரமும் ஒரு குறிப்பேடும் போதும்.

1. வீட்டுக் குழாய் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் விடுகின்றது என அளந்து எழுதுக.

2. ஒழுகும் குழாயைக் கண்டால் அதன் சொட்டுகளை எண்ணுக. நொடிக்கு ஒரு சொட்டு எனின் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள். ஒரு சொட்டைக் கால் மில்லிலிட்டர் என்று கொண்டாலும் 21 லிட்டருக்கு மேல் வீணாகும். ஒரு தேய்ந்த வளையத்தை மாற்றினால் இது நிற்கும்.

3. மாடியின் நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் அளந்து பெருக்குக. வரும் எண்ணை ஒவ்வொரு மழைநாளின் மில்லிமீட்டர் அளவோடு பெருக்கினால், அன்று மாடியில் விழுந்த நீர் லிட்டரில் கிடைக்கும்.

4. கிணறு உள்ள வீட்டார், ஒரு கயிற்றில் கல் கட்டி, மாதந்தோறும் முதல் நாளில் நீர்மட்டத்தை அளந்து எழுதுக. ஓராண்டுக் குறிப்பு ஒரு தெருவின் நீர் வரலாறாகும்.

5. வீட்டு மூத்தோரிடம், தம் இளமையில் அக்கிணறு எக்கோடையில் வற்றியது, எம்மழையில் கைக்கெட்டும் அளவு நிரம்பியது எனக் கேட்டு எழுதுக. அதனோடு வரத்துக்கால், கலங்கல், மதகு, உள்வாய் முதலிய சொற்களுள் எவற்றை அவர்கள் வழங்குகின்றனர் என்பதையும் குறிக்க. இது தமிழ்த்துறை மாணவர்க்கே உரிய பணி. ஒரு சொல் வழக்கொழியும்போது, அச்சொல் குறித்த பொருளைப் பேணும் அறிவும் உடன் மறைகின்றது.

முடிவுரை

காஞ்சியின் நீர் மண்ணுக்குள் உள்ளது. அம்மண்ணின் ஒரு பகுதி ஒவ்வொரு வீட்டாரின் பொறுப்பில் உள்ளது. மாடியில் விழும் மழையைத் தேக்குதல், செலவை அளத்தல், பயன்படுத்திய நீரைத் தோட்டத்திற்குத் திருப்புதல் ஆகிய மூன்றும் இணைந்தால் வீடு ஓர் ஏரியாகும். அவ்வேரிக்கு வீட்டாரே வாரியம். ஒரு வீட்டால் பாலாறு நிறையாது. ஆனால் ஒரு தெருவிலுள்ள நாற்பது வீடுகள் தம் மழையைத் தம் மண்ணுக்கே கொடுத்தால், அத்தெருக் கிணறுகளில் அதன் பயனைக் காணலாம்; கோடையில் குடம் தூக்கி நிற்கும் பெண்களின் காத்திருப்புக் குறையும்; மழையில் தறிக்குழி நனையாமல் நெசவாளியின் கூலி காக்கப்படும்.

இவ்வாண்டுப் புரட்டாசி பிறப்பதற்குள், இம்மலரைக் கையிலேந்தும் ஒவ்வொருவரும் தம் வீட்டு மாடியில் ஏறி, மழைநீர்க் குழாயின் வாயில் அடைந்துள்ள சருகை நீக்குவார்களாயின், இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் நிறைவேறும்.